பட்டமும் பட்டறையும்

சித்திரை மாதக் கடைசி. வாழை குலை தள்ளுகிற நேரம். ராத்திரி பதினோரு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டாரைப் போட்டேன். அரை மணி நேரத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. மறுபடி போட்டால் ஃபியூஸ் போகிறது. காயில் புகைந்துவிட்டது என்று அப்பொழுதே தெரிந்துபோச்சு. விடிந்ததும் குழாய் தூக்குகிற ஆட்களைப் பிடித்து, 600 அடியிலிருந்து மோட்டாரை மேலே எடுத்து, டெம்போவில் போட்டுக்கொண்டு டவுனில் உள்ள காயில் கட்டுகிற பட்டறைக்குப் போனேன்.

பட்டறை வாசலில் எனக்கு முன்னால் பதினொரு மோட்டார் வரிசையில் கிடந்தது. "நாலு நாள் ஆகுமுங்கண்ணா, வேலைக்கு ஆள் இல்லீங்க" என்றார் பட்டறைக்காரர். அந்த வெயிலில் குலை தள்ளுகிற வாழைக்கு நாலு நாள் தண்ணீர் இல்லை என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பட்டறைக்காரர் எட்டாவது வரை படித்தவர். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எரிந்துபோன கம்பியை உருவிக்கொண்டிருந்தவன் என் அண்ணன் மகன். அவன் பி.ஈ. படித்தவன். அதுவும் மின்னியல். அவன் அங்கே வேலை செய்வது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வெளியே சொல்வதில்லை. கேட்கிறவர்களிடம் அண்ணி, "மோட்டார் கம்பெனியில இன்ஜினியர்" என்றுதான் சொல்லுவார்.

அன்றைக்கு அந்தப் பட்டறை வாசலில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். அப்பொழுது மனசில் ஓடியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிளஸ் டூ முடிவு வந்து, ஊரெல்லாம் "பையனை எதுல சேர்க்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில் நாம் பேசியே தீர வேண்டிய விஷயம் இது.

விற்ற காடு

அண்ணன் மகன் 2014-ல் கல்லூரியில் சேர்ந்தான். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளில் பல்லாயிரம் இடங்கள் வாங்க ஆளில்லாமல் காலியாகக் கிடந்த காலம் அது. நாம் அதைக் கவனிக்கவில்லை. ஊரில் நாலு பிள்ளைகள் இன்ஜினியரிங் போனால் நம் பிள்ளையும் போக வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அண்ணன் கிழக்குக் காட்டில் 70 சென்ட்டை விற்றார். கட்டணம், விடுதி, பஸ், பரீட்சை, கடைசி வருடம் 'புராஜெக்ட்' என்று கடையில் காசு கொடுத்து வாங்கிய ஒரு பெட்டி, எல்லாம் சேர்ந்து நாலு வருடத்தில் ஆறு லட்சத்தைத் தாண்டியது.

2018-ல் வெளியே வந்தான். பெங்களூரில் ஒரு கம்பெனியில் 14,000 ரூபாய் சம்பளம். அறை வாடகையும் சாப்பாடும் போக மிச்சம் ஒன்றுமில்லை. பல மாதம் இங்கிருந்து அண்ணன்தான் அவனுக்குப் பணம் போட்டுவிட்டார். கொரோனா வந்தது, வேலை போனது. ஊருக்கு வந்து இரண்டு வருடம் அரசுத் தேர்வுக்குப் படித்தான். அதற்கப்புறம்தான் பட்டறை.

"நாலு வருசம் மோட்டார் படம் வரைஞ்சிருக்கேன் சித்தப்பா. ஒரு மோட்டாரைக்கூட நானாத் திறந்து பார்த்ததில்லை" என்றான். அவன் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் அந்த 70 சென்ட் கண்ணுக்குள் வந்து நின்றது. கடலை நன்றாக விளைகிற மண்ணுங்க அது.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை என்பது உங்களுக்கே தெரியும். 1984-க்குப் பிறகு தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் இங்கே வரத் தொடங்கின. ஒரு கட்டத்தில் 500-ஐத் தாண்டின. பிறகு பல கல்லூரிகள் மூடப்பட்டன. சில ஆண்டுகளுக்கு முன் மெக்கானிக்கல், சிவில் என்று ஓடிய கூட்டம் இப்போது கணினிப் பிரிவுக்கு ஓடுகிறது. மரவள்ளிக்கு விலை வந்தால் ஊரே மரவள்ளி நட்டு, அடுத்த வருடம் ஊரே தலையில் கை வைக்கிறோமே, அதே கதைதான். பயிர் என்றால் ஒரு வருடத்தில் தெரிந்துவிடுகிறது. பிள்ளை விஷயத்தில் தெரிய ஏழெட்டு வருடம் ஆகிறது.

தமிழ்நாட்டில் கல்லூரிக்குப் போகிற விகிதம் 47 சதவீதம். இந்திய அளவில் அது 28 சதவீதம்தான். 2021-22-க்கான மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு சொல்லும் எண்ணிக்கை இது. பெருமைப்பட வேண்டிய விஷயம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023-ல் வெளியிட்ட அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. இந்தியாவில் 25 வயதுக்கு உட்பட்ட பட்டதாரிகளில் வேலையில்லாதவர்கள் 42 சதவீதம். 35 வயதைத் தாண்டினால் அது 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடுகிறது. அதாவது கடைசியில் ஏதோ ஒரு வேலைக்கு எல்லோரும் போய்விடுகிறார்கள். அது படித்த படிப்புக்கு ஏற்ற வேலையா, நடுவில் போன அந்தப் பத்து வருடத்தை எந்த வீடு சுமந்தது என்பதுதான் கேள்வி. உழவர் வீடுகள் சுமந்தன என்று நான் சொல்லுவேன்.

2024-ல் நடந்த குரூப் 4 தேர்வை நினைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்கிற தேர்வு. அறிவிப்பு வந்தபோது 6,244 இடம். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அந்தக் கூட்டத்தில் பி.ஈ.யும் எம்.ஏ.வும் எத்தனை பேர் என்று உங்கள் தெருவிலேயே எண்ணிவிடலாம்.

பேரம் பேசிய வாய்

பட்டறைக்குத் திரும்புவோம். என் நிலைமையைப் பார்த்து அவர் வரிசையில் கொஞ்சம் முன்னே தள்ளி, இரண்டாம் நாளே கட்டித் தருவதாகச் சொன்னார். கம்பி, கூலி, புஷ் எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? பழக்கதோஷம். "ஐநூறு குறைச்சுக்குங்க" என்றேன். அண்ணன் மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் குனிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. 2014-ல் அவனைச் சேர்க்க அண்ணனோடு நானும் போயிருந்தேன். கல்லூரி அலுவலகத்தில் கேட்ட தொகையை வரிசையில் நின்று கட்டினோம். கட்டிட நிதி என்றார்கள், கொடுத்தோம். இது எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொல்லப்போனால், வாங்கிக்கொண்டதற்கு நன்றி சொல்லிவிட்டு வந்தோம். தண்ணீர் கொடுக்கிற மோட்டாரைக் கட்டித் தருகிறவரிடம் ஐநூறு ரூபாய்க்கு நிற்கிறோம்.

நான் சொல்ல வந்தது இதுதான். பட்டமா தொழிலா என்று பிள்ளையிடம் கேட்கிறோம். ஊரில் தொழில் செய்கிறவனுக்குக் கூலி கொடுக்கிற முதலாளி யாருங்க? நாம்தான். தேங்காய் போடுகிறவர், மோட்டார் கட்டுகிறவர், டிராக்டர் மெக்கானிக், கொத்தனார், கொல்லர், வரப்பு வெட்டுகிறவர், இவர்கள் எல்லோருக்கும் படியளக்கிறது உழவர்கள்தான். இந்தத் தொழில்களுக்கு என்ன வருமானம், என்ன மரியாதை என்பதில் பாதியைத் தீர்மானிப்பது நம் வாயும் நம் பையும். நாமே குறைத்துக் கொடுத்துவிட்டு, நாமே மட்டமாக நடத்திவிட்டு, "இந்தக் காலத்துப் பசங்க யாரும் தொழில் கத்துக்க வர்றதில்லை" என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறோம். பிள்ளைகளுக்குக் கண் இல்லையா? அப்பா தேங்காய் போடுகிறவரிடம் எப்படிப் பேசுகிறார் என்று வாசற்படியில் நின்று பார்த்துத்தானே வளர்கிறது. அந்த இடத்தில் தான் நிற்கக் கூடாது என்று அது முடிவு செய்வதில் என்ன தப்பு?

1970-ல் மின்கட்டணம் ஒரு பைசா உயர்ந்ததை எதிர்த்துப் போராடி, பெருமாநல்லூரில் மூன்று உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்த மண் இது. ஒரு பைசாவின் அருமை நமக்குத் தெரியும். எங்கள் விளைச்சலுக்கு நாங்கள் விலை வைக்க வேண்டும் என்று நாற்பது ஐம்பது வருடமாகக் கேட்கிறோம். அதே நியாயம் மரம் ஏறுகிறவருக்கும் உண்டுதானே? அவர் உழைப்புக்கு விலை வைக்கிற உரிமையை அவருக்கு நாம் கொடுத்திருக்கிறோமா?

குலத்தொழில் வேறு, கற்ற தொழில் வேறு

இந்த இடத்தில் கவனமாகப் பேச வேண்டும். "எல்லோரும் கல்லூரிக்குப் போக வேண்டாம், கைத்தொழில் கற்றுக்கொள்ளுங்கள்" என்று யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பது முக்கியம். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் செய்கிற தொழில். அதைக் குலக்கல்வி என்று சொல்லித் தமிழ்நாடே எதிர்த்தது. ராஜாஜி பதவி விலகினார். 1954-ல் காமராசர் வந்து அந்தத் திட்டத்தை எடுத்துவிட்டார். அன்றைக்கு அது நின்றிருந்தால் இன்றைக்கு இந்த ஊர்களில் இருக்கிற டாக்டர், ஆசிரியர், நர்ஸ் பாதிப் பேர் இருந்திருக்க மாட்டார்கள்.

இப்போதும் அதே விவாதம்தான் நடக்கிறது. 2023 செப்டம்பரில் மத்திய அரசு 18 கைத்தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத் தொழிலாகச் செய்துவருகிறவர் என்கிற நிபந்தனையை நீக்க வேண்டும், குறைந்தபட்ச வயதை 18-லிருந்து 35 ஆக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. பதினெட்டு வயதில் கல்லூரிக்குப் போக வேண்டிய பிள்ளையை அப்பன் தொழிலுக்கே இழுத்துவிடக் கூடாது என்பதுதான் அதற்குக் காரணம். அது நடக்காததால் அந்தத் திட்டத்தை இங்கே ஏற்கவில்லை. 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் என்று சாதி நிபந்தனை இல்லாமல் தனியாகக் கொண்டுவந்தார்கள். இதில் உங்களுக்கு எந்தக் கட்சி பிடிக்கும் என்பதை ஓரமாக வையுங்கள். கேள்வி நியாயமான கேள்வி. பிறப்பு வைத்துக் கொடுக்கிற தொழில் விலங்கு. தானாக விரும்பி, முறையாகக் கற்று, எந்தச் சாதிக்காரரும் செய்கிற தொழில் பிழைப்பு.

நம் இயக்கத்துக்குள்ளேயே இதைக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசுவோம். தேங்காய் போட வருகிற அறுபது வயதுக்காரரைப் பேர் சொல்லி, 'டா' போட்டுக் கூப்பிட்ட நாக்கு நம்முடையது. அவருக்குத் தனி டம்ளரில் டீ கொடுத்த வீடுகளும் நம்முடையவை. அவர் தன் மகனை எப்பாடு பட்டாவது படிக்க வைத்துக் கல்லூரிக்கு அனுப்பினார் என்றால், கூலி போதவில்லை என்பது மட்டும் காரணமில்லை. அந்த 'டா'விலிருந்து பிள்ளையைத் தப்ப வைக்கத்தான். அந்தப் பட்டம் சம்பளம் கொடுக்காவிட்டாலும் மரியாதை கொடுத்தது. அதைப் போய் "வீண் படிப்பு" என்று சொல்ல நமக்கு வாய் கிடையாது.

பெண் பிள்ளைகள் விஷயமும் அப்படித்தான். கல்லூரி என்று ஒன்று இருப்பதால்தான் பல வீடுகளில் பதினெட்டில் நடக்கவிருந்த கல்யாணம் இருபத்திரண்டுக்குத் தள்ளிப்போகிறது. தனியாகப் பஸ் ஏறி, வெளியூர் போய், நாலு பேரோடு பேசிப் பழகுகிறது. அந்தக் கணக்கை மாதச் சம்பளத்தில் மட்டும் போட முடியாது.

புத்தகமும் கையும் சேர்ந்தால்

சரி, அண்ணன் மகனின் படிப்பு பட்டறையில் பயன்படவே இல்லையா? அதையும் பட்டறைக்காரரிடமே கேட்டேன். "நான் ஆறு வருசத்துல புரிஞ்சுக்கிட்டதைத் தம்பி எட்டு மாசத்துல பிடிச்சுக்கிட்டான்ங்கண்ணா. ஆனா கை இன்னும் வரலை. கை வர்றதுக்குக் குறுக்குவழி கிடையாதுங்க" என்றார்.

கை என்று அவர் சொன்னதை நேரில் பார்த்தேன். எரிந்த காயிலை எடுக்கும்போதே ஒரு பள்ளத்தில் எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ், எந்தப் பள்ளத்திலிருந்து எந்தப் பள்ளத்துக்குப் போகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்கிறார். ஒரு சுற்று தப்பினால் மோட்டார் சூடாகும். தண்ணீருக்குள் ஓடுகிற மோட்டார் என்பதால் கம்பியின் மேலுறை ஒரு இடத்தில் கீறினாலும் போச்சு. அதைக் கீறாமல் பள்ளத்துக்குள் இழுத்து இழுத்துக் கோர்க்கிற விரலைப் பார்த்தால் பூக்கட்டுகிறவர் விரல் மாதிரி இருக்கிறது.

மோட்டார் எரிந்த காரணத்தை அண்ணன் மகன் சொன்னான். மும்முனையில் ஒரு முனை போய்விட்டால் மற்ற இரண்டு முனையில் மின்னோட்டம் கூடி, காயில் சூடாகி எரியும். அதைத் தடுக்கத்தான் பெட்டியில் ஒரு தடுப்பான் வைத்திருக்கிறார்கள். நான் என்ன செய்திருந்தேன்? அடிக்கடி அறுத்துவிடுகிறது என்று போன வருடம் அதைக் கழற்றி நேராக இணைத்துவிட்டேன். சில தோட்டங்களில் கண்டென்சர் போட்டு இரண்டு முனையிலேயே ஓட்டுகிறார்கள். "தண்ணி வருது, ஆனா மோட்டார் ஆயுசைத்தான் குடிக்குது சித்தப்பா" என்றான். பதினொரு மோட்டாரில் ஏழு இப்படித்தான் எரிந்திருக்கிறதாம். அவன் இப்போது மோட்டார் கொடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் பெட்டியைப் பற்றி விசாரித்து ஒரு நோட்டில் எழுதி வைக்கிறான். எரிந்த மோட்டாரைக் கட்டிக் கொடுக்கப் பட்டறைக்காரருக்குக் கை இருக்கிறது. எரியாமல் இருக்க வழி சொல்ல இவனுக்குப் படிப்பு இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்ததால் ஊருக்கு லாபம்.

நம் பக்கத்து ஆள் ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். 1937-ல் இந்தியாவிலேயே முதலாக மின்மோட்டார் செய்தவர்களில் ஒருவர். இன்றைக்குக் கோயம்புத்தூர் மோட்டார் நாடு முழுக்கக் கிணறுகளில் ஓடுவதற்கு விதை அங்கே விழுந்தது. அவர் படிப்பை வெறுக்கவில்லை. 1945-ல் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கக் காரணமாக இருந்தார். நாலு வருடம் எதற்கு, கையோடு கற்றால் சீக்கிரம் கற்கலாம் என்பதுதான் அவர் வாதம். நம் நம்மாழ்வார் ஐயா அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்த பட்டதாரி. கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்துவிட்டு, அங்கே செய்வது உழவருக்கு உதவவில்லை என்று 1969-ல் வெளியே வந்தார். பட்டத்தை வைத்துக்கொண்டே மண்ணைப் படித்தார். இருவரும் எதிர் எதிர்த் திசையிலிருந்து வந்து ஒரே இடத்தில் நிற்கிறார்கள்.

தொழிலுக்கும் ஒரு கணக்கு உண்டு

தொழிலைப் புகழ்கிறவர்கள் ஒன்றை மறைத்துவிடுகிறார்கள். உடம்பு. எங்கள் தோட்டத்தில் 140 தென்னை. தேங்காய் போட வருகிறவருக்கு ஐம்பத்திரண்டு வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டது. ஒரு நாளைக்கு அறுபது மரம் ஏறினவர் இப்போது முப்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அவருக்கு ஓய்வூதியம் கிடையாது, மழைக்காலத்தில் வேலை கிடையாது. நல்ல நாளில் அவர் கையில் வாங்குகிற கூலியைப் பார்த்து "இன்ஜினியரை விட அதிகம் சம்பாதிக்கிறான்" என்று பேசுகிறோம். வருடம் முழுக்கக் கூட்டிப் பார்த்தோமா? விழுந்தால் யார் பார்ப்பது என்று கேட்டோமா? நல்ல வேலை கிடைத்த பட்டதாரி நாற்பது வயதுக்கு மேல் சம்பளம் ஏறிக்கொண்டே போகிறார். மரம் ஏறுகிறவருக்கு அந்த வயதில் இறங்கத் தொடங்குகிறது. இதைச் சொல்லாமல் பிள்ளைகளைத் தொழிலுக்கு அழைப்பது ஏமாற்று.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் மரம் ஏறப் பயிற்சி கொடுக்கிறது. ஆறு நாள் பயிற்சி, ஏறுவதற்குக் கருவி, விபத்துக் காப்பீடு. ஆணும் பெண்ணும் எந்தச் சாதிக்காரரும் சேரலாம். அந்தக் காப்பீட்டை வருடா வருடம் புதுப்பிக்க ஆகிற செலவு நமக்கு ஒரு மூட்டை தேங்காய்க்குப் பெறாது. நம் ஊரில் எத்தனை தோப்புக்காரர்கள் தங்கள் மரம் ஏறுகிறவருக்கு அதைக் கட்டியிருக்கிறோம்? நான் போன மாதம் வரை கட்டியதில்லை.

நாம் என்ன செய்யலாம்

பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று. மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நடக்க விட்டுப் பார்க்கிறோம். கல்லூரிக்கு மட்டும் விளம்பரப் பலகையைப் பார்த்துச் சேர்க்கிறோம். போன மூன்று வருடத்தில் அந்தப் பிரிவில் படித்து வெளியே வந்த பிள்ளைகள் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று இரண்டு பேரையாவது தேடிப் பிடித்துப் பேசுங்கள். பட்டறைக் கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எந்திரத்தில் தூசி படிந்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். எந்தக் காரணத்துக்கும் நிலத்தை விற்காதீர்கள். அரசுக் கல்லூரியில் கிடைக்காத இடத்துக்காக விற்ற நிலத்தை, எந்தச் சம்பளத்திலும் இனி வாங்க முடியாது.

இரண்டாவது, ஐ.டி.ஐ.யைக் கடைசி வழியாக நினைக்காதீர்கள். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது; மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ் தருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தாலும் உண்டு. எலக்ட்ரீசியன், ஃபிட்டர் எல்லாம் இரண்டு வருடம். டிராக்டர் மெக்கானிக் ஒரு வருடம். 71 அரசு ஐ.டி.ஐ.களில் புது எந்திரங்கள் வந்திருக்கின்றன. முக்கியமாக, அந்தக் கதவு ஒரு பக்கம் மூடின கதவு இல்லை. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டில் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவர் பி.ஈ.யில் இரண்டாம் ஆண்டில் சேரலாம். கையில் தொழிலோடு மேலே படிக்கிற பிள்ளை, மோட்டார் படம் வரையும்போது மோட்டார் தெரிந்து வரையும்.

மூன்றாவது நமக்கு. ஒவ்வொரு ஊர்க் கிளைக் கூட்டத்திலும் விதைப் பரிமாற்றம் பேசுகிறோம், பஞ்சகவ்யம் பேசுகிறோம். இனி கூலியும் பேசுவோம். மரம் ஏற, மோட்டார் தூக்க, காயில் கட்ட, களை வெட்ட என்ன கூலி என்று அந்த வேலை செய்கிறவர்களையும் சரிசமமாக உட்கார வைத்துப் பேசி முடிவு செய்வோம். முடிவு செய்ததற்குக் கீழே யாரும் கேட்கக் கூடாது. மரம் ஏறுகிறவர் காப்பீட்டைத் தோப்புக்காரர்கள் பங்கு போட்டுக் கட்டுவோம். நம் தோட்டங்களில், நம் உறுப்பினர்களின் பட்டறைகளில், லீவு நாட்களில் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்துக் கற்றுக்கொடுப்போம். உழவர் வீட்டுப் பிள்ளையும் வரட்டும், கூலிக்கு வருகிறவர் வீட்டுப் பிள்ளையும் வரட்டும், பெண் பிள்ளையும் வரட்டும். சும்மா கற்றுக்கொடுக்கிறேன் என்று வேலை வாங்காமல், கையில் ஏதாவது கொடுப்போம். நம் பிள்ளை மரம் ஏறக் கற்றுக்கொள்ளத் தயாராக இல்லை என்றால், அடுத்தவர் பிள்ளை ஏற வேண்டும் என்று எதிர்பார்க்கிற தகுதி நமக்கில்லை.

கடைசியாக, நாக்கு. இதற்குப் பணம் தேவையில்லை. வயசுக்கேற்ற முறை வைத்துக் கூப்பிடுவோம். அண்ணா, ஐயா, தம்பி. எல்லோருக்கும் ஒரே டம்ளர்.

மோட்டார் இரண்டாம் நாள் சாயங்காலம் தயாராகிவிட்டது. 9,500 ரூபாயையும் எண்ணிக் கொடுத்தேன். அண்ணன் மகன் கூடவே தோட்டத்துக்கு வந்து, நான் கழற்றி வீசியிருந்த தடுப்பானைத் தேடி எடுத்து, துடைத்து மறுபடி பெட்டியில் மாட்டினான். அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. நான் கொடுத்தேன். "சொந்தத்துக்குள்ள எதுக்கு சித்தப்பா" என்றான். சொந்தம் வேறு, கூலி வேறு என்று சொல்லி அவன் சட்டைப் பையில் வைத்தேன். ராத்திரி தண்ணீர் வந்தது. மூன்று வரிசை வாழை மட்டும் ஒடிந்துவிட்டது, மற்றது பிழைத்துக்கொண்டது.

அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். போன வாரம் வந்தவர்கள் "பையன் என்ன பண்றார்?" என்று கேட்டார்கள். அண்ணி வழக்கம் போல "மோட்டார் கம்பெனியில இன்ஜினியர்" என்றார். பட்டறையில் வேலை என்று தெரிந்தால் எழுந்து போய்விடுவார்கள் என்கிற பயம் அவருக்கு. அந்தப் பயம் பொய்யில்லை. நாமும் நம் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது அப்படித்தானே எழுந்து வருகிறோம்? அண்ணி ஒருவர் உண்மையைச் சொல்லி இதை மாற்றிவிட முடியாது. உங்கள் ஊரில் கூலி, காப்பீடு, பயிற்சி விஷயத்தில் என்ன முடிவு எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். எங்கள் ஊர்க் கூட்டம் வருகிற அமாவாசைக்கு மறுநாள். பட்டறைக்காரரையும் தேங்காய் போடுகிற அண்ணனையும் வரச் சொல்லியிருக்கிறேன்.